கண்டம்

பீடத்தை அளக்கும்போது
கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டே போவேன்:
உபானம், ஜகதி, குமுதம்.
அதற்கு மேலே உள்வாங்கி,
வெயில் தொடாமல் ஓடும் ஒரு வரி.
கைவிட்டுப் பார்த்தேன்.
பதினொரு பூச்சு பெயின்ட்,
ஒரு இருபது காசு,
நனைந்து ஒட்டிப்போன நாலு நம்பர் சீட்டுகள்.
நேரே நின்று கேட்க
வெட்கப்பட்டவர்கள்.

லெபோ பந்தாய் அலுவலகத்தில்
வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார் ஊய் பெங்.
இந்த வரிக்கு என்ன பேர்?
கண்டம்.
அப்படியென்றால்?
லெஹெர், என்றேன்.
சொன்னபோது விரல் தானாக
என் கழுத்துக்குப் போயிற்று.
அங்கே ஒரு வேர்க்கடலை.
விழுங்கினால் ஏறும், இறங்கும்.
அவரும் பார்த்துவிட்டார்.
அப்புறம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொது மருத்துவமனையில் என் எண் 4017.
இதையும் எழுதிச் செருகியிருக்கலாம்.
குளிர்ந்த பசையைத் தடவித்
திரையைக் காட்டினார் டாக்டர் நூருல் ஹஸ்னா.
நான் நிழலடிக்கும் அதே கறுப்பு.
இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர்.
அளவு சொன்னதும் கொஞ்சம் அடங்கினேன்.
அளந்துவிட்டால் வரைந்துவிடலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து கோகிலா அக்கா போன்:
"நாப்பத்து மூணுல உனக்குக் கண்டம்னு
அப்பவே ஜாதகத்துல இருக்கு."
இருக்கட்டும் அக்கா.
தண்ணீரிலா நெருப்பிலா என்று எழுதாமல்
வெறும் சொல்லை மட்டும்
எழுதிவிட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள்.
கழுத்தைத் தொட்டுக் காட்டியிருந்தால்
போன வருஷமே போயிருப்பேன்.

ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி, இரவு.
மிருதங்கத்துக்குப் புகார் வந்ததிலிருந்து
பக்கத்து வீட்டு யுவனேஷ்
சாப்பாட்டு மேசையில் தட்டுகிறான்.
தக தகிட. தக தகிட.
அந்த மூன்றில் எப்போதும் அவசரம் அவனுக்கு.
கண்ட சாபுடா, ஓடாதே, என்றேன்
சுவரிடம்.
கண்டம் என்றால் துண்டும்தான்.
பாதியை எடுக்கப் போகிறார்கள்.

குரல் மாறலாம் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
நான் பாடுகிறவள் இல்லை.
சாரத்தின் மேலிருந்து
முந்நூற்று இருபது! என்று கத்தினால்
கீழே எழுதும் பையனுக்குக் கேட்க வேண்டும்,
அவ்வளவுதான்.
அது போனால்
ஏணியை யாருக்குக் கொடுப்பது?

விழித்தபோது தொண்டையில் மணல்.
பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு கோடு,
இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன்,
நன்றாகவே இழுத்திருக்கிறார்.
ஆனால் அன்றைக்கு,
ஐந்து வரை எண்ணுங்கள், என்றார் டாக்டர்.
வாயைத் திறந்தேன்.
தக, என்று வந்தது.
கொஞ்சம் வெறுங்காற்று.
தகிட.
இதுவா ஐந்து? என்றார்.
ஐந்துதான், எண்ணிப் பாருங்கள்.

சாயங்காலம் ஊய் பெங் படம் அனுப்பியிருந்தார்.
பழைய பெயின்ட் முழுக்கச் சுரண்டியாயிற்று,
உன் லெஹெர் சுத்தம்.
இந்தச் சீட்டுகளை என்ன செய்ய?
கத்த முடியாது இன்னும்.
தட்டினேன்:
இருந்த இடத்திலேயே வையுங்கள்.