வழு பத்து

ஜெலுத்தோங், பதினோராவது மாடி. இரவு இரண்டே கால்.
'மெய்யான கடிதங்களை இதில் போடாதீர்கள்'
என்று சிவப்பில் எச்சரித்தது நிரல்.
எனக்கு நானே எழுதினேன்: பசியாறிட்டியா?
போனது. வரவில்லை.
மறுபடி அனுப்பினேன். நான்காய் வந்தது.
தலைப்பில் 'சோதனை' என்று போட்டிருந்தேன்;
கொம்பு ஒரு பக்கம், ச ஒரு பக்கம்,
நடுவே ஆளில்லாத புள்ளி வட்டம்.
வழு எட்டு.

பிறகு, சொன்ன பேச்சு கேளாமல்
பழைய பெட்டியை அப்படியே இறக்கினேன்.
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி:
1970, சனவரி ஒன்று.
மின்கட்டணம், விமானச்சீட்டு, 'வருந்துகிறோம்' என்ற கம்பெனிகள்,
இன்பவேணி, பட்டர்வொர்த்திலிருந்து
நீ எழுதிய அந்த இரண்டு வரி.
நாம் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே
நமக்குள் எல்லாம் முடிந்திருக்கிறது.

நீக்கு என்பதை அழுத்தினேன். மறைந்தாய்.
பக்கத்தைப் புதுப்பித்ததும் முதல் வரிசையில்
படிக்காத கடிதமாய், தடித்த எழுத்தில்.

வழு ஒன்பது: தேதி.
வழு பத்து.
'இதை மீண்டும் நிகழ்த்துவது எப்படி?'
என்று கேட்கிறது படிவம்.
கீழே யாரோ மோட்டாரை உதைக்கிறார்கள், பற்றவில்லை,
உதைக்கிறார்கள்.
ஒரு வரி தட்டினேன். அழித்தேன்.
அது மட்டும் அழிந்தது.