பதினொரு நிமிடம்

பார்க்கிங் லாட்டின் பனியில் வழுக்கி
மணிக்கட்டு முறிந்தவளுக்கு
விமானம் ஓட்ட ஆறு வாரம் தடை.
சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்:
சம்பளக் குழுவுக்கு ஆளில்லை, வருகிறாயா?
போனேன். நாளொன்றுக்கு நான்கு மணி கிரெடிட்.
ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தாலும் அதே நான்கு.

ஆங்கரேஜில் நான்கடிக்கும் முன்பே இருட்டிவிடும்.
மேஜையில் ஒப்பந்தம், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பேச்சுவார்த்தையின் கடைசி இரவில்
யாரோ காபிக் கோப்பையை வைத்த வட்டம்
எல்லாப் பிரதிகளிலும் நகலாகியிருக்கிறது,
அதுவும் ஒரு ஷரத்து போல.

எங்கள் மணி உங்கள் மணி அல்ல.
கதவு மூடி பிரேக்கை விடுவிக்கும்போது பிறக்கும்.
போன ஊரில் பிரேக்கைப் போட்டதும் செத்துவிடும்.
அதற்கு முன்னால்
டார்ச் அடித்து இறக்கையில் பனி தேடியது,
வராத எரிபொருள் வண்டிக்காக நின்றது,
டிலே என்று சொல்லிச் சொல்லி
பயணிகளின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியது,
எல்லாம் எங்கள் சொந்தச் செலவு.

ஆள் தேய்ந்துபோவான் என்றுதான்
எழுபதுகளில் வேலைநிறுத்தம் செய்து
வேலி கட்டினார்கள்:
வீட்டைவிட்டு விலகிய மூன்றரை மணிக்கு ஒரு மணி,
சீருடை போட்ட நாளுக்குக் குறைந்தது ஐந்து.
பறந்தது, விலகியிருந்தது, குறைந்தபட்சம்,
மூன்றில் எது பெரிதோ அது கூலி.

இன்றைய புகார்:
கேப்டன் ஆர்லோ ஸ்வெங்கார்ட். பெத்தல். பதினான்காம் தேதி.
"பதினொரு நிமிடம் விட்டுப்போயிருக்கிறது. சேர்க்கவும்."
ஒரு வணக்கம்கூட இல்லை.

பதிவுகளைத் தோண்டினேன்.
ஏழு இரண்டுக்கு பிரேக் விடுவிப்பு.
நாற்பதடி நகர்ந்து, திரும்பி வந்து,
கதவு திறந்து, மூடி,
ஏழு பதின்மூன்றுக்கு மறுபடி விடுவிப்பு.
இரண்டாவதைப் பார்த்த கணினி
முதலாவதை அழித்துவிட்டது.

அன்று கேபினில் இருந்த ரொவீனாவுக்குப் போன் போட்டேன்.
"பத்தொன்பதாம் வரிசையில் ஒருத்தர்
பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார்.
என்னால் போக முடியாது என்றார். கத்தவில்லை.
மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார்.
எதற்குப் போகிறார், ஏன் முடியாது,
யாரும் கேட்கவில்லை.
நிறுத்தியதும் ஆர்லோ வெளியே வந்து
மேலிருந்த அவர் பையைத் தானே எடுத்து
வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தார்.
கையுறை ஒன்று கீழே கிடந்தது. அதையும்."

கணக்குப் போட்டேன்.
அவருக்குப் பதிவானது மூன்று நாற்பத்தேழு.
பதினொன்றைச் சேர்த்தால் மூன்று ஐம்பத்தெட்டு.
அன்று பதினான்கு மணி வீட்டில் இல்லை,
அதற்கு நான்கு.
குறைந்தபட்சம் ஐந்து.
ஐந்துதான் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.
சேர்த்தாலும் ஐந்து, சேர்க்காவிட்டாலும் ஐந்து.

ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பிறகு அவரையே கூப்பிட்டேன்.
பின்னால் நாய் ஒன்று
தகரத் தட்டை நக்கித் தள்ளும் சத்தம்.
"கேப்டன், இதில் உங்களுக்கு ஒரு சென்ட்கூட வராது."
"தெரியும்," என்றார்.
"கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்."
நாய் தட்டை விடவில்லை.
"அந்த ஆள் இறங்கினார் இல்லையா," என்றார்,
போனை வைத்துவிட்டார்.

படிவத்தை நிரப்பினேன்.
கோரும் நேரம்: பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு.
கோரும் தொகை என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
சுழியம் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

மூன்று மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.
என் நான்கில் இன்னும் ஐம்பது மிச்சம்.
அடுத்த தாளை இழுத்தேன்:
நோம். ஹோட்டல் வேன் வரவே இல்லையாம்.
நடந்திருக்கிறார்கள்.