எரிக்கவா, புதைக்கவா

ஒரு பூச்சி. உயிருடன். பெண்.
அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்,
கீழே முத்திரை.

பணிக்கன்குப்பத்து மரம்.
எனக்கு ஆதார் இருப்பதுபோல அதற்கும் ஓர் எண்.
என்றைக்கு மருந்தடித்தோம், எத்தனை மில்லி,
அடித்தவன் கையுறை போட்டிருந்தானா,
எல்லாம் நோட்டில் இருக்கிறது.

காம்பில் பால் வடிந்து நிற்க ஒரு ராத்திரி.
பிறகு அஞ்சலாட்சி உட்கார்ந்தாள்
பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு.
ஒரு பலாவுக்கு எத்தனை முள் என்று
பண்ருட்டியில் எவரும் எண்ணியதில்லை.
அவள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.
நாற்பது பழம், மூன்று நாள்.
சென்னையில் அலுவலர் லென்ஸ் வைத்துப் பார்த்துக்
கையெழுத்துப் போட்டார்.
அவர் சட்டையிலும் வாசம் ஏறித்தான் இருந்தது.

எங்கே ஒளிந்திருந்தாய், மாவுப்பூச்சியே,
பதினோரு மணி நேரக் குளிரில்
எந்த முள்ளின் இடுக்கில்?
என் தம்பிக்கு இரண்டு முறை விசா மறுத்த ஊருக்கு
நீ போய் இறங்கிவிட்டாய்.

கடிதத்துக்கு இரண்டாம் பக்கமும் இருந்தது.
சரக்கை அழிக்கும் செலவு அனுப்பியவருடையது.
எரிக்கவா, புதைக்கவா?
ஏதேனும் ஒரு கட்டத்தில் டிக் செய்யவும்.

புதைப்பது மலிவு.
எரிக்க எழுபது யூரோ கூடுதல்.

"எரிக்கவே சொல்லுங்க" என்றாள் அஞ்சலாட்சி,
பிரஷ்ஷை உதறி வெயிலில் வைத்தபடி.
"சுளை போனாப் போவுது.
கொட்டை வெடிச்சு வாசம் வந்தா
நெருப்புக்குப் பக்கத்துல நிக்கிறவன்
ஒண்ணாவது எடுத்துக் கடிக்காம இருப்பானா?"

எழுபது யூரோ.
பேனாவைத் தேடுகிறேன்.