எண்ணாத வைக்கோல்

திருவருகைக் காலத்தின் முதல் நாள்
ரெக்டர் சொன்னார்:
ஆசையொன்றை அடக்கினால்
தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல்.

ஊதாத் திரி இரண்டும் குட்டையாகி
ரோஜாத் திரியும் பாதியாயிற்று.
என் கணக்கில் பதினொன்று.
அதிலும் இரண்டு பொய்.
கருவாட்டை ஒதுக்கியது வயிற்றுவலியால்.
ஜெசிந்தாவின் கடிதத்தைக் கிழிக்கவில்லை,
செபப்புத்தகத்துள் மடித்து வைத்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி,
கோபாலபுரம் சோதனைச்சாவடி.
பனங்காட்டுக் காற்று. காலிச் சாக்கோடு நான்.
நகராத லாரியின் மேல்
மலைபோல் வைக்கோல்,
அக்கரையில் யார் வீட்டு மாட்டுக்கோ.

"குடிலுக்கா பிரதர்?"
கேட்டபடியே உருவினார் டிரைவர் காளியப்பன்,
ஒரு கை,
இன்னொரு கை,
இன்னும்.

"எவ்வளவு?" என்றேன்.
அவர் தமிழில் சிரித்தார்,
காவலர் மலையாளத்தில்.

அங்கிக்குள் ஒரே அரிப்பு.
கொழிஞ்சாம்பாறை வரும்வரை
எண்ணவே இல்லை.