எழுவான், படுவான்

சூரியனைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.
வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை,
இந்தப் பக்கம் படுவான்கரை.
என்னைப் பார்த்து வைத்ததாக
யாரும் எழுதிவைக்கவில்லை.

மண்டூர்த் துறையில் ஆறு நாற்பது பாதைக்கு
(பாதை என்றால் எங்களுக்கு மிதப்பது)
நாலு மோட்டார் சைக்கிள், ஒரு பால் கான்,
காய்ந்த வாயோடு நான்.
அரைக் குளிசை ஆறு மணிக்கே உள்ளே போயிற்று.
கத்தியால் வெட்டும்போது எப்போதும்
ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது.
பெரிய பாதியைத் திங்கட்கிழமைக்கு வைப்பேன்.

நித்திரை இல்லை இது, களைப்பும் இல்லை.
நெல் வெட்டிவிட்டு வந்தவனின் களைப்புக்கு
ஒரு காரணம் இருக்கிறது, ஒரு சோறு இருக்கிறது.
இது, பல் விளக்கப் போவோமா என்று
நினைக்கும்போதே
நினைப்பின் பாதியில் வந்து நிரம்பும் ஈரமணல்.
வயரின் றப்பர் உரிந்த மாதிரி என்றார் நரம்பு டொக்டர்,
மட்டக்களப்பு ஆசுபத்திரியில்,
பேனை மூடியைக் கழற்றிக் காட்டி.
உரிந்த இடத்தில் கரண்ட் கசிகிறதாம்.
கனக்க யோசியாதீங்க என்றும் சொன்னார்.

பாதை நடுவாவிக்கு வரும்.
யாரோ திரி தூண்டிய மாதிரி
முதலில் சத்தங்கள்:
எஞ்சினின் தடதடப்பு, கானுக்குள் அலையும் பால்,
ஒருவர் பாக்கு வெட்டுவது.
பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு யன்னல்.
குருமண்வெளியில் இறங்குபவள்
ஏறியவள் அல்ல.

களுவாஞ்சிகுடிக் கந்தோருக்கு
அவளைத்தான் தெரியும்.
காணி அனுமதிப்பத்திரக் கோப்பு முப்பதை
மதியத்துக்குள் பார்த்து முடிப்பவள்.
"வருத்தக்காரி மாதிரியே இல்ல நீங்க, கோமளா"
என்கிறார் சாமித்தம்பி, புகழ்ச்சியாகத்தான்.
நன்றி சொல்கிறேன். நெஞ்சு படபடக்கிறது.
சோற்றுப் பார்சல் பிரிக்காமலே ஊசிப்போகிறது.

மூன்றரைக்கு மேல் அவள் எங்கே போகிறாள் என்று
அங்கே ஒருவருக்கும் தெரியாது.
கிறுகி வரும் பாதையில், நடுவாவியில்,
அவள் இறங்கிக்கொள்கிறாள்.
கரைக்கு வருவது கைப்பையும் நானும்.

வீட்டுக்குக் கிடைப்பது மிச்சம்.
யோகவேள் சோறு வடிப்பார்,
மகளுக்குக் கோணலாகத் தலை பின்னுவார்.
நான் பாயில் கிடந்து "ம்" என்பேன்.
எட்டு மாதமாக எல்லாத்துக்கும் "ம்".
முன்வளவைத் தன் தம்பிக்கு எழுதிக்கொடுக்கக் கேட்டபோதும்
"ம்" என்றுதான் சொன்னேனாம்.

போன ஞாயிறு. கந்தோர் இல்லை.
டப்பாவில் ஏழு பாதிகள்.
அடுத்த பெட்டி கொழும்பிலிருந்து வந்தால்தான் என்று
கல்முனை பாமசி நௌபீல் கைவிரித்திருந்தார்.
எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.
பின்னேரம் நாலு மணிக்கு
திங்கட்கிழமையின் பெரிய பாதியை
வாயில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்குச் சண்டை தொடங்கினேன்.

முன்வளவிலிருந்து. மறுகா தம்பி. மறுகா
என்னைக் கேளாமல் விற்ற தையல் மெஷின்,
ஆட்களிடம் என்னை "அவ பாவம்" என்பது.
வசனங்களுக்கு முடிவு இருந்தது.
சொல்லவந்த சொல் நாக்கு நுனியில் தொலையவில்லை.
எழும்பி நின்று, கை நீட்டி,
வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.
அவரும் விடவில்லை. கரண்டியைச் சுவரில் எறிந்தார்.
வருத்தக்காரியோடு மெல்லப் பேசிப் பேசி
அவருக்கும் தொண்டை கட்டியிருந்திருக்கிறது.
மகள் வாசற்படியில் இருந்து,
ஐஸ்பழம் முழங்கைவரை வடிய,
வாணம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

முன்வளவு திரும்பி வராது.
மெஷினை வாங்கியவர் அக்கரைப்பற்றில்.
"பாவம் எண்டு இனிச் சொல்ல மாட்டன்" என்றார்,
கரண்டியைக் கழுவிக்கொண்டு.

ராத்திரி ரெண்டு மணி.
சண்டை முடிந்துவிட்டது, குளிசை முடியவில்லை.
நெஞ்சுக்குள் ஒரு நீரிறைக்கும் மெஷின்.
கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.
பக்கத்தில் அவர் புரள்கிறார்.

"முழிப்பா?"

"ம்" என்று வந்த வாயை மூடி
"ஓம்" என்றேன்.
"நாளைக்குச் சின்னப் பாதிதான் இரிக்கு.
துறைக்கு நீங்க கொண்டு விடுங்க.
பெற்றோல் அடிச்சிங்களா?"