இடப்பக்கம் காலி

கோடு பூஜ்யத்தில் தொடங்கி
வலப்பக்கம் மட்டும் ஏறியது.
இடப்பக்கம் வெள்ளை.
மூன்று இரவுகளாக அதே வெள்ளை.

திருவொற்றியூர் யார்டில்
கண்டெய்னர் எண்களைக் குறித்துக்கொண்டே
நடுநடுவே லேப்டாப்பைத் திறந்து பார்ப்பேன்,
தானாக நிரம்பியிருக்குமோ என்று.
மென்பொருள் இலவசம்.
சண்டை போட ஒரு முதலாளிகூடக் கிடையாது.

யாரோ கொடுத்த எண்ணில் கஜபதி.
வியாசர்பாடியில் தண்ணீர் வரும் நேரம், விடியற்காலை ஐந்து.
அடிபம்பின் கிரீச்சுக்கு நடுவே கேட்டார்:
"இன்னா வெர்ஷன்மா?"
சொன்னேன்.
"எத்தினி வரி?"
நூற்றுப் பன்னிரண்டு.
"வெட்டு. தப்பு உசுரோட இருக்கிற வரைக்கும் வெட்டு."

தலைப்பு, நிறங்கள், அச்சுப் பெயர்கள்,
எவரிடமோ கடன் வாங்கிய நாற்பது வரி
எல்லாம் போயிற்று. எதுவும் குற்றவாளி இல்லை.
கடைசியில் ஒன்று நின்றது:
மைனஸ் எட்டின் கனமூலம்.
மைனஸ் இரண்டு என்று அடிவாங்கிப் படித்தது.
இதுவோ ஏதோ கலப்பெண்ணைக் கக்கியது.

"தப்பு இல்லமா அது. மூலம் மூணு இருக்குது.
எது வேணும்னு நீ சொல்லல.
அது பழக்கமானத எடுத்துக்கினு வந்துச்சு.
மெய் மூலம்னு கேளு."

கேட்டேன்.
கோடு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது.
அங்கே கிரீச் நின்றிருந்தது.

எவ்வளவு தரணும் என்றேன்.
"குடம் ரொம்பிச்சு, வெக்கிறேன்.
இத்த உதவிக் குறிப்புல தமிழ்ல எழுதிக் குடு.
இன்னொருத்தி மூணு ராத்திரி முழிக்கக் கூடாது."

'உங்கள் வரைபடத்தில் இடப்பக்கம் காலியாக இருந்தால்'
என்று தொடங்கினேன்.
எண்ணூர் சாலையில் ஒரு ட்ரெய்லர் ஹாரனை விடவேயில்லை.
'பயப்பட வேண்டாம்' என்று எழுதி,
அடித்து,
'முதலில் வெட்டுங்கள்' என்று மாற்றினேன்.