மூன்றாம் பக்கம்

குத்தைசி நகரில் ரியோனி ஆறு
வெள்ளைக் கற்களின் மேல் ஓடுகிறது.
அந்த வெள்ளை எனக்குப் பிடிக்கும்.
இது வேறு.
ஊசியை நான் உருவுவதற்குள்
சிசானாவின் மூக்கோரத்தில்
சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வந்து நின்றது,
ஒரு காசு அகலம்.

கேபிள் கார் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
"ஊருக்கு என் முகம் மட்டும்தான் தெரியும்,
அதுவும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே" என்று சொல்லிக்கொண்டே
லாரி நோட்டுகளை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தாள்.
சிரித்தால் விழும் கோடு
சிரிக்காதபோதும் நிற்கிறதாம்.
நிரப்பினால் போதும்.

பின்னிழுத்துப் பார்த்தேன், ரத்தம் ஏறவில்லை.
ஏறாததை நம்பினேன்.
ஆறு சொட்டுகூட இருக்காது அந்த ஹயலூரானிக் ஜெல்.
பாடப்படத்தில் நாளம் ஒரு சிவப்புக் கோடு;
ஆளுக்கு ஆள் அது
வழி மாற்றி ஓடும் என்பதும்
பாடத்தில் இருந்ததுதான்.

அழுத்தினேன். விட்டேன். எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.
ஐந்தில்தான் லேசாக ஒரு சிவப்பு,
வரலாமா என்று கேட்டுக்கொண்டே.

"வலிக்குதா?"
"இல்லையே."
மரப்புக் களிம்பு பேசுகிறது, அவளல்ல.
"ஒரு கண்ணை மூடுங்க. எத்தனை விரல்?"
"ரெண்டு. என்ன டாக்டர், பரீட்சையா?"
"தேனீ கொட்டி எப்பவாவது மூச்சு முட்டியிருக்கா?"
இப்போது சிரித்தாள், ஒரு பக்கமாக.
அண்ணன் மலையில் தேன்கூடு வைத்திருக்கிறானாம்,
கொட்டாத இடமே இல்லையாம்.
தேனீயின் கொடுக்கிலும்
இந்தக் கரைக்கும் மருந்தின் உறவு ஒன்று இருக்கிறதென்று
விளக்க நேரமில்லை.

மருந்து குளிர்பெட்டியில் இருந்தது,
நானுலியின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பின்னால்.
அக்ரூட்டும் பூண்டும் மணக்கும் குப்பி.
காலாவதியாக ஒன்பது நாள்.
கலக்கும்போது என் கை நடுங்கியதை
நானுலி பார்த்தாள்; சொல்லவில்லை.
சுற்றிலும் ஏற்றினேன், பிசைந்தேன், வெந்நீர்த் துண்டு வைத்தேன்.
மணிக்கு ஒரு முறை.
இரண்டாம் மணியில் கன்னத்தில் ஊதா வலை பரவியது.
மூன்றாம் மணியில் அவள் கேள்வி கேட்பதை நிறுத்தினாள்.
நான்காவதில்
அழுத்தி, விட்டு,
ஒன்று சொல்லி
இரண்டைச் சொல்வதற்குள் சிவந்தது.

படிவத்தில் எல்லாம் இருக்கிறது.
தோல் அழுகுதல், பார்வை போதல், பக்கவாதம்,
முன்னால் ஒரு சின்னச் சொல்: அரிது.
அந்தப் பக்கத்தை எப்போதும் வேகமாகப் புரட்டுவேன்,
பயந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.
அன்று அவள் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரவில்லை.
தழும்பு தெரியுமே என்றாள்.
எங்கே கையெழுத்து என்று
அவள் விரலைப் பிடித்துக் காட்டியது நான்.

மூன்று வாரம் கழித்து
மலைப் பூங்காவுக்குப் போக வரிசையில் நின்றேன்.
ஜன்னலுக்குப் பின்னால் அவள், கண்ணாடி அணிந்து.
மூக்கோரம் பருப்பளவு பொருக்கு.
கோடு பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.
பணம் கேட்கவில்லை, திட்டவில்லை.
டிக்கெட்டோடு என் படிவத்தின் நகலையும் தள்ளினாள்.

"மூணாம் பக்கத்துல எழுத்துப் பிழை இருக்கு, டாக்டர்.
பார்வைங்கற சொல்லுல."

பெட்டி மேலே ஏற ஏறப் படித்தேன்.
இருந்தது.
பதினோரு மாதமாக
அதன் கீழே எத்தனை பெயர்கள்.